டிஸ்ட்ரோ ரிலீஸ்: எதை இயந்திரத்திடம் விடலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: நூலகக் கணினிகளுக்காக, தமிழ்த் தட்டச்சு வசதியுடன் டெபியன் 13 (டிரிக்ஸி) லினக்ஸை அடிப்படையாக வைத்து ஒரு ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுக் கோப்பு) தயாரிக்கிறோம். குழுவில் மூன்று பேர். எங்கள் சொந்த பேக்கேஜ்களும் சில உண்டு. எல்லாவற்றையும் நண்பர் ஒருவர் தன் லேப்டாப்பில்தான் பில்ட் செய்கிறார், அதாவது மூல நிரலை நிறுவத்தக்க கோப்பாக மாற்றுகிறார். ஐஎஸ்ஓ-வும் அதிலேயே உருவாகிறது. முழுக்கத் தானியங்கி பில்டுக்கு மாறியே ஆக வேண்டுமா?

பதில்: பேக்கேஜ் பில்டை உடனே மாற்றுங்கள். ஐஎஸ்ஓ தயாரிப்பை அடுத்த ரிலீஸுக்குள் மாற்றினால் போதும். வெளியிடலாமா என்ற முடிவும் கையொப்பமும் மனிதர் கையிலேயே இருக்கட்டும்.

லேப்டாப்பில் என்ன கெடும் என்று பார்ப்போம். நண்பரின் கணினியில் டெபியனின் வளர்ச்சிநிலைப் பதிப்பான சிட் ஓடுகிறது என்று வையுங்கள். டிரிக்ஸியில் இருப்பது அடிப்படை சி நிரல்தொகுப்பான ஜிலிப்சியின் 2.41 பதிப்பு; சிட்டில் பில்டான பேக்கேஜ் அதைவிடப் புதியதைக் கேட்கலாம். அப்போது நிறுவலே நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவதுதான் தொல்லை. கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பில்டுக்கு முன் பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது, என்றோ எதற்கோ நிறுவிய ஒரு டெவ் பேக்கேஜ் கண்ணில் பட்டால், "இருக்கிறதே" என்று அந்த வசதியையும் சேர்த்துக்கொள்ளும். பில்டுக்குத் தேவையானவற்றைச் சொல்லும் பில்ட்-டிபென்ட்ஸ் பட்டியலில் அது இருக்காது. ஆறு மாதம் கழித்து ஒரு பாதுகாப்புத் திருத்தம் அவசரமாக வேண்டும், நண்பர் ஊரில் இல்லை. நீங்கள் பில்ட் செய்தால், ஒன்று பில்டே தோற்கும், இல்லாவிட்டால் ஒரு வசதி காணாமல் போயிருக்கும்.

டெபியனே இதற்கு முடிவு கட்டியது 2019 ஜூலையில்தான். டெபியன் 10 (பஸ்டர்) வெளியானதும், பராமரிப்பாளர் தன் கணினியில் பில்ட் செய்து ஏற்றும் பைனரிகள் அடுத்த பதிப்பு உருவாகும் டெஸ்டிங்குக்குப் போகாது என்று அறிவித்தார்கள். மூலத்தை மட்டும் ஏற்றினால், பில்ட் செய்வது பில்ட்டி எனப்படும் டெபியனின் தானியங்கி இயந்திரங்களின் வேலை. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, எஸ்பில்ட் என்ற கருவி போதும். ஒவ்வொரு முறையும் வெறும் டிரிக்ஸியைப் புதிதாக விரித்து, பட்டியலில் எழுதியதை மட்டும் நிறுவி பில்ட் செய்யும். எழுத மறந்தது அன்றே வெளிப்படும்.

ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோ 1993 முதல் ஒருவர் கைப்பக்குவத்தில்தானே வருகிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் 2022 பிப்ரவரியில் வந்த 15.0-இல், மொத்தத்தையும் மூலத்திலிருந்து தானாகவே மறுபடி பில்ட் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் அந்த ஒருவரான பேட்ரிக் வோல்கெர்டிங்கும் முதல்முறையாகச் சேர்த்தார்.

ஐஎஸ்ஓ-வுக்கு லைவ்-பில்ட் என்ற டெபியன் கருவி போதும். அமைப்புக் கோப்புகள் எல்லாம் கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ரெப்போவில் இருக்கட்டும். தானாக பில்ட் செய்து தரும் சேவைகளின் பகிர்வு சிஐ ரன்னர்களில் ரூட் உரிமைக்கும் வட்டு இடத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் வாரம் ஒருமுறை ஓடும் டைமர் எனக்கு மேலாகப் படுகிறது. பில்டின்போது, பழைய களஞ்சியங்களைத் தேதிவாரியாகச் சேமிக்கும் டெபியன் ஸ்னாப்ஷாட் தளத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியின் களஞ்சியத்தைச் சுட்டுங்கள்; அடுத்த மாதம் ஓட்டினாலும் அதே பேக்கேஜ்கள் வரும். பழைய தேதியின் செக்யூரிட்டி களஞ்சியம் காலாவதி என்று பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் முரண்டு பிடிக்கும், அந்தச் சோதனையை பில்டின்போது மட்டும் அணைத்துவிடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: நிறுவப்பட்ட கணினியின் சோர்ஸஸ் பட்டியலில் அந்த ஸ்னாப்ஷாட் முகவரி தங்கிவிட்டால், நூலகக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவுமே வராது. பில்டுக்கான மிரரும் (பேக்கேஜ் எடுக்கும் முகவரி) பயனருக்கான மிரரும் லைவ்-பில்டில் தனித்தனி அமைப்புகள். இரண்டையும் பாருங்கள்.

இயந்திரம் கொடுத்ததை பில்ட் செய்யும். கொடுத்தது சரியா என்று கேட்காது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார் மூலத் தொகுப்புகளில், கிட் ரெப்போவில் இல்லாத ஒரு எம்4 பில்ட் ஸ்கிரிப்ட் கோப்பு வழியாகப் பின்கதவு நுழைந்தது. டெபியனின் பில்ட் இயந்திரங்கள் அதையும் ஒழுங்காகவே பில்ட் செய்தன. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். தொலைக் கணினியில் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்தார். ஆகவே வெளியிலிருந்து எடுக்கும் மூலத்தைக் கிட் ரெப்போவில் அந்தப் பதிப்புக்கான டேகுடன் ஒப்பிடும் வேலை உங்களுடையது.

டெபியனிலும் ரிலீஸ் நாளில் தன்னார்வலர்கள் ஐஎஸ்ஓ-க்களை நிறுவிப் பார்த்த பிறகுதான் வெளியீடு. நீங்களும் யூஎஸ்பி-யில் போட்டு, யூஇஎஃப்ஐ கணினி ஒன்றிலும் பழைய பயாஸ் கணினி ஒன்றிலும் நிறுவுங்கள். வைஃபை வருகிறதா, லாகின் திரையிலிருந்தே தமிழ் விசைப்பலகை மாறுகிறதா, 'ஸ்ரீ', 'க்ஷ' உடையாமல் தெரிகின்றனவா என்று பாருங்கள். விர்ச்சுவல் இயந்திரச் சோதனையில் வைஃபை சிக்கல் தலைகாட்டவே காட்டாது.

கையொப்பச் சாவியை பில்ட் இயந்திரத்தில் வைக்காதீர்கள். சோதித்து முடித்த ஐஎஸ்ஓ-வின் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கோப்பில், வேறொரு கணினியில் உங்களில் ஒருவர் கையொப்பமிடட்டும்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். நண்பரைத் தவிர வேறொருவர், ரெப்போவில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பேக்கேஜை எஸ்பில்டில் பில்ட் செய்து, நண்பரின் கோப்புடன், வித்தியாசங்களைக் காட்டும் டிஃபோஸ்கோப் கருவியில் ஒப்பிடட்டும். தேதி மட்டும் மாறியிருந்தால் பெரிதாகக் கவலை வேண்டாம். டிபென்ட்ஸ் (ஓடத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) வரி மாறியிருந்தால், லேப்டாப்பிலிருந்து எது ஒட்டிக்கொண்டு வந்தது என்பதை அந்த வரியே காட்டிக்கொடுக்கும்.