மூணாறு குழு நடையில் நீலக்குறிஞ்சி கிடைக்குமா?

மூணாறில் குழுவாக நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி நீலக்குறிஞ்சி காட்டுவதாகச் சொன்னார், நம்பலாமா என்று கேட்டீர்கள். இந்த அக்டோபரில் மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவின் மலை முழுக்க நீலமாகப் பார்க்க முடியாது. அங்கே 2006, 2018இல் பெரிய அளவில் பூத்தது, அடுத்தது 2030தான்.

"வருஷா வருஷம் காட்டுகிறோம்" என்று வழிகாட்டி உங்களிடம் சொன்னது அநேகமாக வேறொரு குறிஞ்சியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி வகைகள் நிறைய. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரே தடவை பூத்து, விதை விட்டுச் செத்துவிடும்.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: போன வருடம் பூத்த அதே செடிகளா? ஆமாம் என்றால் அது நீலக்குறிஞ்சி இல்லை.

ஆனால் எல்லாச் சரிவும் ஒரே வருடத்தில் பூப்பதில்லை. சின்னத் திட்டுகள் இடையிலும் பூக்கும், அதனால் வழிகாட்டியைப் பொய்யர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீலக்குறிஞ்சி இல்லாவிட்டாலும், பாறை ஓரத்துக் காசித்தும்பைப் பூக்களுக்காகவே நான் போவேன்.