மகள் கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை

வணக்கம் ஐயா. "பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளை, ஆழ்கடல் நுண்ணுயிரியிலிருந்து என்சைம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். பெண்பிள்ளையைக் கப்பலில் அனுப்பவா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் முதலில் போகட்டும்.

கடலுக்கடியில் 2010 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரியை எடுத்தார்கள். 104 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் வளரக்கூடியது. கொரோனா நாளில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பிசிஆர், டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் முறை. அதில் ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியை 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அந்தப் படியெடுக்கும் வேலையைச் செய்யும் புரதமான வழக்கமான டாக் என்சைம் அந்தச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் பாதி வலுவை இழந்துவிடும். இந்த ஆழ்கடல் உயிரியின் 'டீப் வென்ட்' என்சைம் பாதியாகக் குறைய 23 மணி நேரம் ஆகும். டிஎன்ஏவைப் படியெடுக்கையில் பிழை விழுந்தால் தானே திருத்தவும் செய்யும்.

இதை ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். அதற்காகத் தினமும் யாரும் கடலில் இறங்குவதில்லை. அதன் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். விதைநெல் ஒரு முறை கிடைத்தால் போதும், பிறகு விளைச்சல் நம் வயலில்தான். அதனால் வேலையும் கரையில்தான் இருக்கிறது: மரபணுவை ஏற்றுவது, பாக்டீரியா வளர்க்கும் தொட்டியான ஃபெர்மென்டரை நடத்துவது, அதில் கிடைக்கும் புரதத்தைச் சுத்திகரிப்பது. இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்சுலின், தடுப்பூசி, சலவைத்தூள் என்சைம் தயாரிப்புக்கும் தேவை. திருப்பூரில் பனியன் துணியின் பிசிறை நீக்குவதும் செல்லுலேஸ் என்சைம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எம்.எஸ்சி. கட்டாயம். அதற்கு ஜிஏடி-பி என்ற உயிரித்தொழில்நுட்ப முதுகலை நுழைவுத்தேர்வு எழுதட்டும். அந்த வழியில் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு. பிறகு அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டே பிஎச்.டி. செய்யலாம்.

ஆழ்கடல் ஆய்வு என்றே போனால், சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இந்தியப் பெருங்கடலில் 5000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து பூஞ்சை எடுத்து, குளிரிலும் வேலை செய்யும் என்சைமைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இங்கெல்லாம் நிரந்தரப் பணியிடம் குறைவு. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

இந்த விடுமுறையில் புரதச் சுத்திகரிப்பு நடக்கும் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு மாதம் இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது அவளைக் கூட்டிக்கொண்டு, மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள் ஐயா. பயோகெமிஸ்ட்ரி தாளில் எவ்வளவு வாங்கியிருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.