பாசிட்டிவாக இருந்தால் அரியர் கிளியர் ஆகுமா?

கேள்வி இது: “எங்கள் கல்லூரியில் செமஸ்டருக்கு ஒரு முறை ஒரு மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூட்டி வருகிறார்கள். தன்னம்பிக்கையும் நேர்மறை எண்ணமும் இருந்தால் மார்க் தானாக வரும் என்கிறார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா பேச்சா?”

ஆதாரம் நிறையவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மேடையில் அவர் சொல்வதற்கு அந்த ஆதாரம் பெரிதாக உதவாது. சில இடங்களில் நேர் எதிராகவே போகும்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். அதாவது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு முதல் அரியரைப் பரிசளிக்கும் எம்-1 தாள் என் தலையில்தான். உளவியல் படித்தவள் இல்லை. ஆனால் “எனக்குக் கணக்கு வராது மேம்” என்று சொல்லும் பிள்ளைகளை வருடா வருடம் பார்ப்பதால், இந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த அளவில்தான் இந்தப் பதில்.

நீங்கள் கேட்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உளவியல் மூலதனம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஃப்ரெட் லூதன்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007 வாக்கில் ஒரு கட்டமைப்பாக முன்வைத்தது. அதில் நான்கு சரக்கு உண்டு. இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, போக வேண்டிய இடமும் அதற்கான வழியும் தெரிந்திருப்பது, நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு, விழுந்தால் எழுந்து வருவது. முதலில் அலுவலக ஊழியர்களை வைத்துத்தான் அளந்தார்கள், பிறகு கல்லூரி மாணவர்கள் பக்கம் வந்தது. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஏனென்றால் மார்க் விஷயத்தில் இந்த நான்கும் ஒரே எடை கிடையாது.

எடை எவ்வளவு என்பதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. மிஷெல் ரிச்சர்ட்சனும் அவர் சகாக்களும் 2012-இல், பல்கலைக்கழக மாணவர்களின் மார்க்கோடு எது எது ஒட்டிப் போகிறது என்று 241 தரவுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ‘இந்தத் தேர்வில் நான் இவ்வளவு எடுப்பேன்’ என்ற குறிப்பான நம்பிக்கைக்கும் மார்க்குக்கும் ஒட்டுறவு 0.59 (0 என்றால் ஒட்டவே இல்லை, 1 என்றால் முழுக்க ஒட்டுகிறது). இது மாதிரி ஆராய்ச்சிகளில் இவ்வளவு பெரிய எண் அபூர்வம். ‘பொதுவாக எனக்குப் படிப்பு வரும்’ என்ற நம்பிக்கைக்கு 0.31. ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்ற பொதுவான நன்னம்பிக்கையும், தன்னைப் பற்றிய உயர்ந்த எண்ணமும் 0.1-ஐ ஒட்டித்தான் நின்றன. அதாவது நம்பிக்கை எவ்வளவுக்கு எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மார்க்கோடு ஒட்டுகிறது, எவ்வளவுக்கு எவ்வளவு பொதுவாகிறதோ அவ்வளவுக்கு நழுவுகிறது. மேடைப் பேச்சு விற்பது அந்தக் கடைசி வகையைத்தான்.

அந்த 0.59-ஐயும் அப்படியே விழுங்க வேண்டாம். போன செமஸ்டரில் 80 எடுத்தவளுக்கு இந்த செமஸ்டரிலும் எடுப்போம் என்று தெரியும். அது பாதி நம்பிக்கை, பாதி நினைவு. மார்க்கினால் நம்பிக்கை வருகிறதா, நம்பிக்கையினால் மார்க் வருகிறதா என்றால் இரண்டும்தான், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும். மேலே போகும்போது சரி. முதல் இன்டர்னலில் 12 எடுத்தவனுக்கு அதே சக்கரம் கீழே உருளும்.

அப்படி உருளுகிறவனிடம் போய் “நீ சிங்கம்டா, உன்னால் எதுவும் முடியும்” என்று சொன்னால் என்ன ஆகும்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டோனல்சன் ஃபோர்சித், ராய் பாமைஸ்டர் முதலானோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. முதல் தேர்வில் மோசமாகச் செய்த கல்லூரி மாணவர்களுக்கு வாராவாரம் மின்னஞ்சலில் பாடக் கேள்விகள் அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு அதோடு, உங்களைப் பற்றி நல்லபடி நினையுங்கள், தலை நிமிர்ந்து இருங்கள் என்ற ரகத்தில் ஒரு செய்தியும் போனது. கடைசித் தேர்வில், கடைசி கிரேடுகளில் இருந்த மாணவர்களில் அந்தச் செய்தி போனவர்கள் இன்னும் கீழே இறங்கினார்கள். படிக்காமலேயே மனசு நிம்மதியாகிவிட்டால் அப்புறம் எதற்கு உட்கார்ந்து படிப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அடுத்த முறை பேச்சாளர் கைதட்டச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் குறிப்பான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-லேயே நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதலாவதுதான் பலம். ஊக்கச் சொல்லுக்கு அவர் கொடுத்த இடம் ரொம்பக் கீழே. செய்து பார்த்ததும் முட்டிக்கொண்டால் சொல் கரைந்துவிடும் என்பதுதான் காரணம்.

இதை என் வகுப்பில் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். எம்-1-இல் முதல் யூனிட் மேட்ரிசஸ். அதில் கெய்லி-ஹாமில்டன் தேற்றக் கணக்கு பல்கலைக்கழகத் தாளில் அடிக்கடி தலைகாட்டும். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் ஒன்று கொடுப்பார்கள். அதற்கென்று ஒரு சமன்பாடு உண்டு, அந்த மேட்ரிக்ஸையே அதில் போட்டால் பூஜ்யம் வரும் என்பதுதான் தேற்றம். சமன்பாட்டை எழுத எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்று எண்கள் வேண்டும். எஸ்1 என்பது மூலைவிட்ட எண்களின் கூட்டல், அதில் யாரும் தப்புவதில்லை. எஸ்2-இல்தான் மைனஸைத் தவறவிடுவார்கள். எஸ்3 டிடர்மினண்ட். அப்புறம் மேட்ரிக்ஸை வர்க்கம், கனம் என்று பெருக்கி சமன்பாட்டில் போட்டால் ஒன்பது இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும். நான் பலவீனமான பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். காரணம், விடை சரியா என்று என்னிடம் வந்து கேட்க வேண்டியதில்லை. எட்டு பூஜ்யமும் ஒரு நான்கும் வந்தால், எங்கேயோ ஒரு பெருக்கல் தப்பு என்று அவனே பின்னால் போய்த் தேடுவான். தேடிப் பிடித்து ஒன்பதும் பூஜ்யமாகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். “நீ கெட்டிக்காரன்” என்று நான் வாயைத் திறக்கவே தேவையில்லை, தாளே சொல்லிவிட்டது. மறுநாள் அதே பையன் இன்வர்ஸ் கணக்கைத் தானாகக் கேட்டு வாங்குவான். மூன்று வாரம் முன்னால் “கணக்கு வராது மேம்” என்றவன்தான்.

அடுத்தது வழி தெரிவது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சி. ஆர். ஸ்னைடர் நம்பிக்கையை (ஆங்கிலத்தில் ‘ஹோப்’) இரண்டாகப் பிரித்தார், போக வேண்டும் என்ற உறுதி ஒன்று, போவதற்கான வழிகள் மனதில் இருப்பது இன்னொன்று. ஒரு வழி அடைபட்டால் இரண்டாவது வழியை யோசிக்கத் தெரிந்தவரைத்தான் அவர் நம்பிக்கை உள்ளவர் என்பார். அவர் குழு கல்லூரியில் சேரும்போதே இதை அளந்துவிட்டு, ஆறு வருடம் கழித்துப் பார்த்தது. அதிக மதிப்பு வந்தவர்களுக்கு கிரேடு கூடுதலாக இருந்தது, பட்டத்தோடு வெளியே போனவர்களும் அவர்களில் அதிகம்.

நம் பிள்ளைகளிடம் உறுதிக்குக் குறைவே இல்லை, அப்பா அம்மா பட்ட கஷ்டத்தைச் சொன்னாலே கண் கலங்கிவிடும். வழிதான் தெரியாது. கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று தெரியாமலே முதல் செமஸ்டர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குத் தாளில் இரண்டு மார்க் பத்து, 16 மார்க் ஐந்து. அந்த 16 மார்க் ஒவ்வொன்றும் யூனிட்டுக்கு ஒன்று, அதிலும் ‘அ அல்லது ஆ’. இதைப் போர்டில் எழுதிப் போட்டு, மூன்று யூனிட்டை ஒழுங்காகப் பிடித்தால் கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று கூட்டிக் காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஃபெயிலாகிவிட்டால் விடைத்தாள் நகலுக்கு எத்தனை நாளில் விண்ணப்பிக்க வேண்டும், நகலைப் பார்த்தபின் ரீவேல்யூவேஷன் போடலாமா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது, இதெல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அரியர் என்பது ஒரு வேலை, அவ்வளவுதான். தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அது தீர்ப்பு.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இது இன்னும் கூர்மை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தபிறகு, பன்னிரண்டாவது வரை தமிழிலேயே படித்த பிள்ளைகள் நல்ல கட்-ஆஃபோடு வருகிறார்கள். முதல் வாரம் ஆங்கிலத்தில் பாடம் ஓடுகிறது, பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுகிறான், நமக்கு மட்டும் புரியவில்லை. (பக்கத்தில் இருப்பவனுக்கும் புரியவில்லை, தலையாட்டுவது சிபிஎஸ்இ பள்ளியில் கற்றுக்கொண்ட பழக்கம்.) ஒரு மாதத்துக்குள் ‘நான் இங்கே வந்திருக்கக் கூடாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களிடம் இந்த எண்ணத்தைத்தான் தொட்டார்கள். சுமார் ஒரு மணி நேரம். ‘நமக்கு இந்த இடம் ஒட்டாதோ என்ற சந்தேகம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும், போகப்போகச் சரியாகும்’ என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் படிக்க வைத்து, அதைத் தங்கள் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுத வைத்தார்கள். கறுப்பின மாணவர்களின் கிரேடு அடுத்த மூன்று வருடம் ஏறியது, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியானது. 2011-இல் சயன்ஸ் இதழில் வந்தது. வெள்ளை மாணவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை, அவர்களுக்கு அந்தச் சந்தேகமே குறைவு என்பதால் இருக்கலாம். 1982-லேயே டிமோதி வில்சனும் பட்ரீசியா லின்வில்லும் இதற்கு ஓர் அண்ணன் ஆய்வைச் செய்திருந்தார்கள். முதலாண்டில் மார்க் குறைவது சகஜம், பிறகு ஏறும் என்று சீனியர்களே பேசும் வீடியோவைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் படிப்பை விட்டுப் போனவர்கள் குறைந்தார்கள், கிரேடும் ஏறியது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் எனக்கு இதுதான் பிடித்தது. நம் ஊரில் இதைச் செய்ய ஒரு பைசா ஆகாது.

செய்கிறோமா என்றால், இல்லை. முதலாண்டு வரவேற்பு நாளில் மேடையில் ஏற்றுவது யாரை? கேம்பஸில் பெரிய சம்பளம் வாங்கிய கோல்டு மெடலிஸ்ட்டை. அவரைப் பார்த்து அரியர்காரனுக்கு என்ன வரும்? பந்தூரா ‘தன்னைப் போன்ற ஒருவர்’ என்று சொன்னது சும்மா இல்லை. எம்-1-ஐ இரண்டாம் முறை எழுதி முடித்து, இப்போது மூன்றாம் ஆண்டில் அரியர் இல்லாமல் இருக்கிற, அதே பஸ்ஸில் அதே ஊர்ப்பக்கமிருந்து வருகிற அக்காவையோ அண்ணனையோ ஏற்றினால் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

மீண்டெழும் திறனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இந்தச் சொல் நிர்வாகங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பழியை மாணவன் தலையில் போட வசதி. காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறி, மாலை வீட்டுக்குப் போய், ராத்திரி மொபைல் கடையில் நிற்கிற பையனுக்குத் தேவை தூக்கமும் கட்டணத்துக்குக் கொஞ்சம் அவகாசமும். அவன் ஏற்கனவே தினமும் எழுந்துதான் வருகிறான். அதேபோல, ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால் அது நம்பிக்கைக் குறைபாடு இல்லை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

உங்களுக்கே அரியர் இருந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்றால் (கேள்வியில் சொல்லவில்லை, கேட்ட விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறது), இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். ஃபெயிலான தாளில், விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் கணக்கு வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பார்க்காமல் போடும் வரை அதையே போடுங்கள். அப்புறம் அந்தத் தாளை இரண்டாம் முறையில் கிளியர் செய்த ஒரு சீனியரைப் பிடித்து, ‘எந்த யூனிட்டை விட்டீங்க, எதைப் பிடிச்சீங்க’ என்று மட்டும் கேளுங்கள். ஹாஸ்டலில் இருந்தால் டிபன் நேரத்துக்குள் ஆள் கிடைத்துவிடுவார். டே ஸ்காலர் என்றால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விசாரியுங்கள், யார் எந்தப் பேப்பரில் எத்தனை அட்டெம்ப்ட் என்பது ஆபீஸைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.