லொறியைக் கண்டால் படுத்துவிடும் சவாரி மாடு

கேள்வி: எங்களிடம் ஒரு சோடி சவாரி மாடு இருக்கிறது. ஒன்று தானாகவே லொறியில் ஏறும். மற்றது லொறியில் ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையைக் கண்டதும் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நிற்கும், இழுத்தால் படுத்துவிடும். போன முறை வாலை முறுக்கித்தான் ஏற்றினோம். அடுத்த மாதம் வவுனியாவில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி. என்ன செய்யலாம்? (விசுவமடு வாசகர்)

பதில்: முதலில் வாலை முறுக்குவதை விடுங்கள் தம்பி. முள்ளந்தண்டின் தொடர்ச்சியான சின்ன எலும்புகள்தான் வாலுக்குள் இருக்கின்றன, முறுக்கினால் முறியும். பட்ட நோவை மாடு லொறியோடு சேர்த்தே ஞாபகத்தில் வைத்திருக்கும். அடுத்த முறை பலகைக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிடும்.

முன்பு ஒழுங்காக ஏறிய மாடு திடீரென மறுக்கிறதென்றால், பழக்குவதற்கு முன் குளம்பையும் முழங்காலையும் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். நோவுள்ள காலோடு ஏற்றம் ஏற எந்த மாடும் விரும்பாது.

மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். ஆனால் ஆழத்தை மட்டிடுவதில் மோசம். பலகைக்கும் லொறித் தட்டுக்கும் இடையில் விழும் கறுப்பு நிழல் அதற்குக் குழி மாதிரித் தெரியலாம். நல்ல வெயிலிலிருந்து படங்கு மூடிய லொறிக்குள் போகவும் தயங்கும். படங்கைக் கழற்றிவிட்டுக் காலையில் பழக்குங்கள். தகரத் தட்டில் மணலும் வைக்கலும் பரப்பினால் கால் வழுக்காது, சத்தமும் குறையும்.

மூன்றடி உயரத் தட்டுக்கு ஒன்பதடி நீளப் பலகையாவது வேண்டும். அப்போதுதான் சரிவு 20 பாகை அளவில் நிற்கும். கால் பிடிக்கக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். இன்னும் சுகமான வழி, லொறியைப் பள்ளத்தில் விட்டு அதன் பின்பக்கத்தை ஒரு வாய்க்கால் கட்டோடு அணைப்பது. கட்டும் தட்டும் ஒரே மட்டமானால் ஏற்றமே இல்லை. வன்னியில் கட்டுக்கா பஞ்சம்!

இனிக் கயிறு. வழக்கமாக ஒருவர் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தபடி இழுப்பார், இன்னொருவர் பின்னால் தடியோடு நிற்பார். முன்னால் நிற்பவர் வழியை மறிக்கிறார், பின்னால் நிற்பவர் துரத்துகிறார். மாடு எங்கே போவது? படுக்கிறது. சவாரிக்காரர் பலர் இதைப் பிடிவாதம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நில்லுங்கள். தலைக்கயிற்றை மெல்ல இறுக்குங்கள், மூக்கில் போட்ட நாணயக்கயிற்றைத் தொட வேண்டாம். ஒரு கால் முன்னால் வைத்த அந்தக் கணமே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கூலி, பிந்தினால் பலனில்லை. காதைக் கவனியுங்கள். இரண்டு காதும் பலகைப் பக்கம் திரும்பி, மூக்கு பலகையை மோந்தால் பேசாமல் விடுங்கள். கண்ணில் வெள்ளை தெரிந்து, வாலைத் தூக்கிச் சாணமும் கழித்தால் அளவுக்கு மீறி நெருக்கிவிட்டீர்கள். ஓரடி பின்னுக்கு எடுங்கள்.

முன்னங்கால் இரண்டும் பலகையில் ஏறியதும் ஆசைப்பட்டு மேலே தள்ள வேண்டாம். மாடு இறங்க நினைப்பதற்கு முன்பே நீங்களாக இறக்குங்கள். ஏறினால் இறங்கவும் முடியும் என்று தெரிந்த மாடு அடுத்த முறை இன்னும் ஓரடி ஏறும். படுத்தால் கயிற்றைத் தளர்த்திவிட்டுச் சும்மா நில்லுங்கள். எழும்பியதும் கொட்டிலுக்குக் கொண்டுபோகாமல் அதே இடத்தில் சிறிய ஒரு வேலை கொடுத்து முடியுங்கள். இல்லாவிட்டால் படுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பழகிவிடும். நாளுக்குக் கால் மணித்தியாலம் போதும்.

உள்ளே தவிட்டு வாளியை வைத்து, சோடி மாட்டை முதலில் ஏற்றுங்கள். நுகத்தில் எது எந்தப் பக்கமோ லொறியிலும் அதே பக்கம் நிறுத்துங்கள். கட்டுவது தலைக்கயிற்றில், இழுத்தால் அவிழும் முடிச்சாக. நாணயக்கயிற்றில் கட்டினால் சாரதி ஒரு பிரேக் அடித்ததும் மூக்கு கிழியும்.

பலகையை வவுனியாவுக்கும் கொண்டுபோங்கள். சவாரித் திடலில் லொறியிலிருந்து குதிக்கவிட்டு முன்னங்காலைக் கெடுத்தவர்கள் உண்டு. மாடு ஏற்றிச்செல்லும் பத்திரங்களை உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து எடுத்து வையுங்கள். ஏ9 வீதியில் மறித்தால் வெயிலில் நிற்கப்போவது மாடுதான்.