கொலாய்டல் சிலிக்கா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெழுகு உருவத்தின் மேல் ஸ்லரி என்னும் குழம்பைப் பூசிக் காயவைத்து, உலோகம் வார்ப்பதற்கான ஓட்டை (ஷெல்) செய்யும் பட்டறைகளுக்காக. அந்தக் குழம்பில் மாவைப் பிணைக்கும் திரவமான பைண்டர்தான் கொலாய்டல் சிலிக்கா.

ஸ்லரித் தொட்டியின் கலக்கியை இரவில் நிறுத்தலாமா? (வேலந்தாவளம்)

கூடாது. குழம்பிலுள்ள சிர்கான் (வெப்பம் தாங்கும் கனிமம்) மாவு அடியில் படிந்து இறுகிவிடும்.

புதிய பைண்டரில் கலந்த ஸ்லரி இரண்டே வாரத்தில் கெட்டிப்படுகிறது. சப்ளையரை மாற்றிவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இத்தகைய கடிதங்களில் எப்போதும் விடுபடுவது அதுவே. முப்பது சதவீத கொலாய்டல் சிலிக்காவில் பத்து நானோமீட்டர் அளவிலான துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உங்கள் பகுதிப் போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் அந்த மின்னூட்டத்தை அடக்கியவுடன் அவை கூடிச் சேர்ந்து ஜெல்லாகின்றன. ஜெல்லானதை மீட்கும் வழி கிடையாது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால், தினமும் ஈடுசெய்ய வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கப் நேரம் (அளவுக் கோப்பையிலிருந்து ஸ்லரி வடிந்து தீரும் நேரம்) கூடியதைப் பார்த்ததும் குடத்துத் தண்ணீரை ஊற்றி இளக்குகிறவர்கள் நோயை மறைக்கிறார்களே தவிர, தீர்க்கவில்லை. ஸ்லரியின் பிஎச் (அமில, கார அளவு) 9க்குக் கீழே இறங்குகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். மாவை நீக்கிப் பிரித்த பைண்டரை மூடிய குப்பியில் 60 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். அது ஜெல்லானால் தொட்டியைக் காலிசெய்வதே சிக்கனம். பாத்திரமும் பிரஷும் கழுவுவதற்கும் அதே நல்ல தண்ணீர்தான். இவற்றை முடித்தபின் சப்ளையரைப் பற்றிப் பேசலாம்.

ஆடி மழையில் ஷெல் காயவில்லை, ஹீட்டர் வைக்கலாமா? (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

வேண்டாம். ஷெல்லைவிட மெழுகு அதிகம் விரிவதால் கோட்டிங் வெடிக்கும். அறையை 22 முதல் 25 டிகிரியில் நிறுத்தி, ஈரப்பதத்தை டீஹியூமிடிஃபையரால் ஐம்பது சதவீத அளவுக்குக் குறைத்து, காற்றை ஓடவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றோ எதிர்மாறான ஆபத்து: முதல் கோட் மீது அதை நேராக விட்டால் மயிரிழை விரிசல் விழும்.

எத்தில் சிலிகேட் பைண்டர் சீக்கிரம் இறுகுமே, அதற்கு மாறலாமா? (கஞ்சிக்கோடு)

அம்மோனியாவில் இறுகும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள ஆல்கஹாலின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், சிறிய பட்டறைகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுட்ட ஷெல்லைக் குளிரவைத்து மீண்டும் சூடாக்கலாமா? (கோபாலபுரம்)

எத்தனை டிகிரியில் சுட்டீர்கள் என்று எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். 900 டிகிரி அளவில் சுட்டதை மெதுவாக மீண்டும் சூடாக்கலாம். ஃப்யூஸ்டு சிலிக்கா (உருக்கிக் கண்ணாடியாக்கிய சிலிக்கா) ஷெல்லை 1,100க்கு மேல் நெடுநேரம் வைத்திருந்தால் கிறிஸ்டோபலைட் என்னும் படிக வடிவச் சிலிக்கா உருவாகியிருக்கும். குளிரும்போது 250 டிகிரி அளவில் அது திடீரெனச் சுருங்கி ஷெல்லைப் பிளக்கும். அத்தகைய ஷெல்லை உடைக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் துண்டு கட்டுவது போதாது, முறையான ரெஸ்பிரேட்டர் அணியுங்கள்.