குஞ்சுக்கு எத்தனை நாள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோழிக்குஞ்சு பற்றியவை. மாரி பிடித்தால் அப்படித்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதும்போது குஞ்சுக்கு எத்தனை நாள் என்பதை முதலில் எழுதுங்கள். "கழிச்சல், என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. மூன்று நாள் குஞ்சு கழிவதும் மூன்று கிழமைக் குஞ்சு கழிவதும் ஒரே நோயாக இருப்பது குறைவு.

25 நாள் வயதில் 60 குஞ்சுகள் வைத்திருந்தேன். மழை தொடங்கி நாலாம் நாள் சில குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கூனி நின்றன. எச்சம் செங்காவி நிறத்தில் போகிறது. மூன்று நாளில் 9 செத்துவிட்டன. கடையில் தந்த அன்ரிபயோட்டிக் தூளை இரண்டு நாள் கொடுத்தும் குணமில்லை. – வாசகி, வவுணதீவு

தங்கச்சி, வயதை எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மூன்று கிழமைக்கும் ஆறு கிழமைக்கும் இடைப்பட்ட குஞ்சு, ஈரமான கூடு, இரத்தம் கலந்த எச்சம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது இரத்தக் கழிச்சலைத்தான். கொக்சிடியோசிஸ் என்று வைத்தியர்கள் சொல்வது இதை. ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடலுக்குள் பெருகிச் சுவரைக் கிழிப்பதால் இரத்தம் போகிறது. இது பக்ரீரியா இல்லை. அதனால்தான் அந்தத் தூள் கேட்கவில்லை.

இனி ஒன்று செத்தால் புதைக்க முன் வயிற்றைத் திறந்து பாருங்கள். குடல் முடிகிற பக்கம் விரல்போல இரண்டு பைகள் தெரியும். அவை வீங்கிக் கருஞ்சிவப்பாக, உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் என் சந்தேகம் சரி. பார்த்தபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்ட மனம் வராவிட்டால், செத்த குஞ்சை ஐஸ்கட்டியோடு பையில் வைத்து, உறைய விடாமல், அன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து அம்ப்ரோலியம். நோய்ப்பட்ட குஞ்சு தீனை விட்டாலும் தண்ணீர் குடிக்கும், ஆகவே தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும். 20 சதவீதத் தூள் என்றால் ஒரு லீற்றருக்கு 0.6 கிராம், ஐந்து நாள். உங்களுடையதைப் போலச் சாவு கூடினால் 1.2 கிராம் வரை வைத்தியர் சொல்வார். அவர் சொல்லும் அளவே கடைசி வார்த்தை. தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள். இன்று சுகமாக நிற்பவற்றுக்கும் கொடுங்கள், அவையும் கூட்டில் விரித்த அதே உமியில்தான் கொத்தித் தின்கின்றன.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கால்நடைப் போதனாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆரையம்பதியில் எங்கள் வளவிலேயே இந்த நோய் வந்தது. குஞ்சுகள் சோர்ந்து நிற்கின்றனவே என்று மருந்துத் தண்ணீரிலேயே விற்றமின் பி தூளையும் கலந்தேன். அம்ப்ரோலியம் விற்றமின் பி1ஐப் போல உருவம் கொண்டது. ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு, உண்மையான பி1 கிடைக்காமல் சாகும். நானோ அந்தப் பி1ஐயும் சேர்த்து ஊட்டியிருக்கிறேன். 40 குஞ்சில் 17ஐப் புதைத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. மருந்து முடியும்வரை பி விற்றமின் வேண்டாம். முடிந்தபின் ஏ, கே விற்றமின்கள் கொடுத்தால் நல்லது.

இனி உமிக்கு வாருங்கள். எச்சத்தில் வெளிவரும் ஒட்டுண்ணி முட்டை, சூடும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளில் முற்றி, தின்ற குஞ்சை நோயாக்கும் நிலைக்கு வந்துவிடும். வழமையான கிருமிநாசினிக்கு அது சாகாது, ஈரமில்லாமல் நன்றாக உலர்ந்தாலும் வெயில் பட்டாலும்தான் சாகும். ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பொத்துங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் முழுவதையும் அள்ளி வெளியேற்றிப் புதிய உமி போடுங்கள். படுவான்கரையில் உமிக்குப் பஞ்சமில்லையே. வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் மறைத்து, மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். தண்ணீரைச் சிரட்டையில் வைப்பவர் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். குஞ்சு அதற்குள் ஏறி நின்று கழித்துவிட்டு அதையே குடிக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல்லில் தூக்கி வையுங்கள்.

வாங்கி வந்து மூன்று நாளான குஞ்சுகளுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கழிச்சல் மருந்து கொடுக்கவா? – வாசகர், களுவாஞ்சிகுடி

மருந்து வேண்டாம் தம்பி, முதலில் சூட்டைப் பாருங்கள். முதல் கிழமையில் குஞ்சு நிற்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு கிழமைக்கு 3 பாகையாகக் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே காட்டித் தரும். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர். வாயைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனால் சூடு கூட. இரவில் கரண்ட் போனால் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியால் சுற்றி நடுவில் வையுங்கள்.

ஒட்டியதைப் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து, துடைத்து, ஈரம் உலர்த்தித் தேங்காயெண்ணெய் தடவுங்கள். வயிற்றுப் பக்கம் கறுப்பாகக் காய்ந்திருப்பது தொப்புள். எச்சம் என்று நினைத்து அதைப் பிய்த்துக் குஞ்சைச் சாகடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றிரண்டு இல்லாமல் பல குஞ்சுகள் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கழித்துச் சாகத் தொடங்கினால் கதை வேறு. அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும் புல்லோரம் (Pullorum) என்ற பக்ரீரியா நோயாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். பிழைத்தவற்றை முட்டைக்கோ அடைக்கோ வைக்காதீர்கள், நோய் உள்ளேயே இருக்கும்.

இரண்டு மாதக் குஞ்சுகளுக்குக் கண்ணைச் சுற்றியும் சொண்டிலும் பொருக்கு. ஒரு கண் மூடியே போய்விட்டது. – வாசகர், அக்கரைப்பற்று

அம்மை. பெரும்பாலும் நுளம்புதான் பரப்புகிறது. வைரஸ் என்பதால் அதைக் கொல்ல மருந்தில்லை. பெரும்பாலானவை மூன்று நாலு கிழமையில் தானாக ஆறும். அதுவரை கண் தெரியாமல் பட்டினி கிடக்க விடக்கூடாது. உப்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவித் திறந்துவிட்டு, தீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள். கூட்டுக்கு நுளம்பு வலை கட்டுங்கள். வாய்க்குள் மஞ்சளாகத் தடித்துப் படிந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். சுகமாக நிற்பவற்றுக்கு இறக்கைச் சவ்வில் போடும் தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

நாங்கள் குடித்து மிஞ்சிய கப்சூலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாமா? – வாசகி, செங்கலடி

கூடாது. அளவும் தெரியாது, நோயும் தெரியாது. அந்த மருந்து இறைச்சியிலும் முட்டையிலும் தங்கி உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கே வரும்.

வவுணதீவுத் தங்கச்சி, மருந்து தொடங்கி ஏழாம் நாள் எத்தனை குஞ்சு நிற்கின்றன என்று மறக்காமல் எழுதிப் போடுங்கள்.