வெள்ளி மறையும் நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா விட்டுச்சென்ற பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ‘சுக்கிர அஸ்தங்கம்’ என்று ஒரு காலத்தைக் குறிப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் வீட்டில் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முறை அது பத்து நாளில் முடிந்துவிடுகிறது, அடுத்த முறை இரண்டு மாதத்தையும் தாண்டிப் போகிறது. ஒரே சூரியன், ஒரே கிரகம், ஏன் இந்த ஓரவஞ்சனை? இதற்கு வானியலில் காரணம் உண்டா? வானம் பார்க்க ஆசைப்படும் மகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

செ.,
கும்பகோணம்

அன்புள்ள செ.,

உண்டு. வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள பாதையில் சுற்றுகிறது. ஆகவே அது நம் வானத்தில் சூரியனை விட்டு 48 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் விலகுவதே இல்லை. நள்ளிரவில் உச்சிவானத்தில் வெள்ளியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுமார் எட்டரை மாதம் மாலையில் மேற்கே தெரியும், அதே அளவு காலம் விடியலில் கிழக்கே தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே சூரிய வெளிச்சத்தில் மூழ்கிக் காணாமல் போகும். அந்த மூழ்கல்தான் அஸ்தங்கம்.

மூழ்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சூரியனுக்கு அப்பால், மற்றது சூரியனுக்கு இப்பால். அப்பால் இருக்கும்போது வெள்ளி நம்மிடமிருந்து ஏறத்தாழ 26 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். இப்பால் வரும்போது சுமார் 4 கோடிதான். கோயில் குளத்தின் எதிர்க்கரையில் நடப்பவர் நகர்வதே தெரியாது, நம் மூக்குக்கு முன்னால் போகிறவர் சட்டென்று கடந்துவிடுவார் அல்லவா? அப்பால் உள்ள வெள்ளி ஒரு நாளைக்குச் சூரியனிடமிருந்து கால் பாகைதான் விலகுகிறது. இப்பால் வந்தால் ஒன்றரைப் பாகைக்கும் மேல். உங்கள் இரண்டு மாதமும் பத்து நாளும் இப்படி வந்தவை. நீண்ட மறைவுக்குப் பின் வெள்ளி மாலையில் மேற்கே எழும், குறுகிய மறைவுக்குப் பின் விடிவெள்ளியாகக் கிழக்கே வரும். பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் இதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது பாருங்கள். சூரியனை 10 பாகை நெருங்கினால் வெள்ளி மறையும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பின்னோக்கிச் செல்லும்போது, அதாவது இப்பால் கடக்கும்போது, மட்டும் 8 பாகை என்கிறது. அப்போது வெள்ளியின் வடிவம் பெரிது என்பது காரணம். தொலைநோக்கி இல்லாத காலத்துக் கணக்கு இது! கல்யாணத் தடை பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி எப்போது மறைகிறது என்பது கணிதம், மறைந்தால் தாலி கட்டக்கூடாது என்பது வேறு துறை. மண்டபம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதே என் வழக்கம்.

உங்களிடம் பழைய பஞ்சாங்கங்கள் இருப்பதால் ஒரு வேலை தருகிறேன். எந்த ஆண்டையாவது எடுத்து, அதற்கு எட்டு ஆண்டு முந்தையதோடு ஒப்பிடுங்கள். ஒரு குறுகிய மறைவிலிருந்து அடுத்ததற்குச் சராசரி 584 நாள். அதை ஐந்தால் பெருக்கினால் எட்டு ஆண்டுக்கு இரண்டு நாள் குறைவு. ஆகவே வெள்ளியின் ஆட்டம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிகளில், இரண்டு நாள் முந்தி, அப்படியே திரும்ப வருகிறது. உலக நேரப்படி வெள்ளி சூரியனுக்கு இப்பால் வந்த நாட்கள்: 2009 மார்ச் 27, 2017 மார்ச் 25, 2025 மார்ச் 23.

இந்த எட்டாண்டுக் கணக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. வெள்ளி சரியாகச் சூரிய வட்டத்துக்கு முன்னாலேயே, ஒரு கரும்புள்ளியாகக் கடப்பது மிக அரிது. அதன் பாதை நம் பாதைக்கு 3.4 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் மேலோ கீழோ தப்பிவிடும். 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்த கடப்பைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார் கியோம் லெ ஜான்டில். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது, நடுக்கடலில் ஆடும் தளத்தில் நின்று அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டில் அடுத்தது வரும் என்பதால் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், எல்லாம் தயார். மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. அதற்கடுத்தது 1874-இல்! அங்கே தங்கியிருந்தபோது உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நம் தலைமுறைக்கு 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 என்று இரண்டு கடப்புகள் வாய்த்தன. 2020 ஜூனில் தப்பிவிட்டது. இனி 2117 டிசம்பரில்தான்.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். மலிவாக விற்பவை காலில் நிற்காமல் ஆடும், பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிடும். ஒரு நல்ல இருகண் நோக்கி (பைனாகுலர்) போதும். மாலை வெள்ளி மறையப்போகும் கடைசி வாரங்களில் அதை உங்கள் மகளிடம் கொடுங்கள், வெள்ளி மெல்லிய பிறையாகத் தெரியும். ஆனால் சூரியன் முழுவதும் மறையும்வரை நோக்கி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.